கிரில் கடைக் கையேடு: ஓசூர்ப் பதிப்பு

அமெரிக்கர்களுக்குக் கேஸ் கிரில் என்றால் வீட்டுப் புழக்கடையில் சக்கரம் வைத்து நிற்கிற, மூடி போட்ட அடுப்பு. விடுமுறை நாளில் குடும்பத் தலைவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு அதன்மேல் இறைச்சித் துண்டுகளைப் புரட்டுவார். ஓசூரில் கேஸ் கிரில் என்றால் பாகலூர் சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ பாதி நடைபாதையை விழுங்கிக்கொண்டு நிற்கிற கண்ணாடிப் பெட்டி. உள்ளே கம்பியில் கோத்த கோழிகள் சுற்றும். பின்னால் பர்னர் செக்கச் சிவந்து கனலும். முழுக் கோழி, அரைக் கோழி, கூடவே குபூஸ், மயோனைஸ். அந்தப் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டுப் பிழைக்கலாம் என்று நினைக்கிறவருக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. இதில் உள்ள வழிமுறைகள் யாவும் நம் தெருக்களில் நெடுங்காலம் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

முதலில் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புப் பற்றி ஏகப்பட்ட பாடம் கேட்ட காதுகள் உங்கள் கடைக்கு வரப்போகின்றன. 1980 வாக்கில் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், 1987இல் டைட்டனும் வந்ததிலிருந்து இந்த ஊர் ஹெல்மெட்டோடும் காதடைப்பானோடும் வளர்ந்த ஊர். டி.வி.எஸ். மோட்டார் 2002இல் தரத்துக்கான டெமிங் பரிசையே வாங்கியது. மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் வந்தால் சிப்காட் தொழிற்பேட்டையில் கேட்டுக்கு கேட்டு பேனர், உறுதிமொழி, ஸ்லோகன் போட்டி. மெஷினைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்கிற லாக்-அவுட் டேக்-அவுட் முறையைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் உங்கள் வாடிக்கையாளர். தரையில் இரண்டு சொட்டு ஆயில் கண்டால் ‘நியர் மிஸ்’ கார்டு எழுதிப் பெட்டியில் போடுவார்.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அவர் அந்தக் கண்ணை ஐ.டி. கார்டோடு கழற்றிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார். ஷிப்டு முடித்து வந்து, சிலிண்டருக்கு ஒரு முழம் தள்ளி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து லெக் பீஸைப் பிய்ப்பார். ஸ்டூல் தீர்ந்துபோனால் படுக்கப் போட்டிருக்கும் சிலிண்டர் மேலேயே உட்காருவார். அது காலியா என்று கேட்கமாட்டார். அவர் கேட்கப்போவது ஒன்றே ஒன்று:

“அண்ணா, மயோ கொஞ்சம் எக்ஸ்ட்ரா வைங்க.”

முதலீடு

பணத்தை எங்கே போடுவது என்பதில் தெளிவு வேண்டும். கண்ணில் படுவதற்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஓடுகிற எழுத்துப் போர்டு, பச்சையும் நீலமுமாக மாறுகிற எல்.இ.டி. பட்டை, வாசலில் கோழி பொம்மை. கண்ணில் படாத இடத்தில்தான் சிக்கனம் காட்ட வேண்டும். சிலிண்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற டியூப் அப்படிப்பட்ட இடம். பழைய கடையைக் காலி செய்தவர் கொடுத்த பச்சை டியூப் இருக்கும். எலி கடித்த இடத்தில் வெட்டி, நடுவில் ஒரு பித்தளைக் குழாய் சொருகி, கிளிப் கிடைக்காவிட்டால் கட்டுக்கம்பி முறுக்கி, அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றிவிடலாம்.

கேஸ் ஏஜென்சியில் ஆரஞ்சு நிறத்தில் ‘சுரக்ஷா’ டியூப் என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே கம்பி வலை பின்னியது, ஐ.எஸ். 9573 முத்திரை உள்ளது, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அது வீட்டு அடுப்புக்கு. உங்கள் பெட்டிக்கு அதன் அழுத்தத்துக்கு ஏற்ற, முத்திரையுள்ள டியூபைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு ராத்திரி வியாபாரத்தின் ஒரு மூலையில் அடங்குகிற செலவு. ஆனால் புது டியூபைப் பார்த்து எந்த வாடிக்கையாளராவது உள்ளே வந்திருக்கிறாரா?

சிவப்பும் நீலமும்

வீட்டுக்கு வருவது 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர். கடைக்கு 19 கிலோ நீல சிலிண்டர். வீட்டு கேஸுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கடை கேஸுக்கு 18. கடை சிலிண்டரின் விலை பெரும்பாலும் மாதம் பிறந்ததும், 1ஆம் தேதி, மாறும். ஊருக்கு ஊர் வேறுபடும். கர்நாடக எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டினால் பெட்ரோல் என்ன விலை என்று கணக்குப் போட்டே பழகிய நமக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. மாமியார் பெயரில் ஒரு கனெக்ஷன், மச்சான் பெயரில் ஒன்று. சிவப்பு சிலிண்டருக்கு மேல் ஒரு சாக்குப் பை, சாக்குக்கு மேல் வெங்காயக் கூடை. வேலை முடிந்தது.

2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி வீட்டு சிலிண்டரைக் கடையில் எரிப்பது குற்றம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்குப் போடலாம். சட்டத்தை விடுங்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள். வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் விடுவதற்காகச் செய்தது. இட்லி வேகப் போதும், எட்டுக் கோழிக்குப் போதாது. உடனே நம்மவர்கள் ஹை-பிரஷர் ரெகுலேட்டரை எப்படியோ திருகி மாட்டுவார்கள். அழுத்தம் கூடினதும் கட்டுக்கம்பி போட்ட அந்த ஒட்டு டியூப் என்ன செய்யும் என்பதற்கு மேலே உள்ள முதலீட்டுப் பகுதியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரின் தோளில், கைப்பிடி வளையத்தின் உள்பக்கம், ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி அடுத்த மூன்று மாதம், டி வருடக் கடைசி. ‘பி-28’ என்றால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் மறு சோதனைக்குப் போக வேண்டும். கம்பெனியில் அளவுக் கருவியின் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒரு நாள் தாண்டினாலும் மெஷினை நிறுத்துகிற அதே குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ராத்திரி இந்த எழுத்துக்குப் பக்கத்தில் கை துடைக்கிற டிஷ்யூவைச் சொருகிவிட்டுப் போவார்.

சிலிண்டர் குளிர்ந்துவிட்டால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓசூரில் கடை போடுகிறவர் கட்டாயம் இதைச் சந்திப்பார்.

மார்கழி ராத்திரி, எட்டரை மணி. கூட்டம் நெருக்குகிறது. பெட்டியில் எல்லாக் கம்பியும் நிறைந்து, பர்னர் முழு வேகத்தில் எரிகிறது. திடீரென்று தீ சுருங்கும். சிலிண்டரைத் தொட்டால் ஐஸ். அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். தூக்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே கேஸ் இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

காரணம் சுலபம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் கேஸ். ஆவியாக வெப்பம் வேண்டும், அதைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நாம் மெதுவாக எடுத்தால் வெளிக்காற்று அந்த வெப்பத்தை ஈடுகட்டிவிடும். பெரிய பர்னருக்கு ஒரே சிலிண்டரிலிருந்து உறிஞ்சினால் காற்றால் ஈடுகட்ட முடியாது. திரவம் குளிர்ந்துகொண்டே போகும். அதில் கலந்திருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் கொதிப்பதையே நிறுத்திவிடும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிற ஊரில், டிசம்பர் ராத்திரியில், இது சீக்கிரமே நடக்கும்.

இதற்கு நம் தெருவில் மூன்று வைத்தியம் உண்டு. முதலாவது, சிலிண்டரை ஆட்டுவது. இதில் பலன் கொஞ்ச நேரம், சத்தம் நிறைய. இரண்டாவது, அண்டாவில் வெந்நீர் ஊற்றி அதில் சிலிண்டரை உட்கார வைப்பது. வீரம் கூடியவர்கள் வெந்நீருக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பையே பற்ற வைப்பார்கள். மூன்றாவதுதான் மாஸ்டர்கள் செய்வது: சிலிண்டரைச் சாய்ப்பது, அல்லது படுக்கப் போடுவது.

“அண்ணா, சிலிண்டர் சாஞ்சி கெடக்குதே?”

“அது அப்பிடித்தான் சார் இருக்கணும். அப்பத்தான் கேஸ் ஃபுல்லா வரும்.”

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. ஃபுல்லாகத்தான் வரும். நிமிர்ந்து நிற்கிற சிலிண்டரில் வால்வுக்குக் கீழே ஆவி இருக்கும், அடியில் திரவம் இருக்கும். படுக்கப் போட்டால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். ரெகுலேட்டர் திரவத்துக்காகச் செய்ததல்ல. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும். டியூப் வழியாகப் போன திரவம் பர்னரில் போய் விரியும்போது பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே ஓர் ஆள் உயரத்துக்கு நாக்கு நீளும். கோழிக்கு அது தேவையில்லை, வரிசையில் முதலாவதாக நிற்கிறவருக்கும் தேவையில்லை.

சாய்க்காமல் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு சிலிண்டரை ஒரு பொதுக் குழாயில் இணைத்து, பாதிப் பாதியாக எடுக்க வேண்டும். கம்பெனிக் கேன்டீன்களில் வரிசையாக சிலிண்டரை நிற்க வைத்திருப்பது இதற்காகவும்தான். அந்தக் கேன்டீனில் மதியம் சாப்பிட்ட ஐம்பது பேர் ராத்திரி உங்கள் கடையில் நிற்பார்கள். ஒருவராவது சொல்வாரா என்று காத்திருக்க வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடித்தல்

மூக்கை நம்புங்கள் என்பார்கள். எல்.பி.ஜி.க்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் கடையில் இஞ்சிப் பூண்டு, கரம் மசாலா, கருகிய கொழுப்பு, பக்கத்துச் சாக்கடை எல்லாம் சேர்ந்து வீசும். தவிரவும், ஒரு நாற்றத்தில் தொடர்ந்து நின்றால் மூக்கு மரத்துப்போகும். நாள் முழுக்க அங்கேயே நிற்கிற மாஸ்டருக்குத் தெரியாதது, அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு வருகிறவருக்குத் தெரியும். “என்னண்ணா, கேஸ் வாசனை அடிக்குது” என்று அவர் சொன்னால், “அது புது சிலிண்டர் மாத்தினது சார்” என்று பதில் சொல்வது மரபு. சிலிண்டர் மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தாலும் சொல்லலாம்.

தீக்குச்சியைக் கொளுத்தி டியூப் நெடுகக் காட்டிப் பார்க்கும் முறையும் புழக்கத்தில் உண்டு. கசிவு இருந்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்பது இதன் சிறப்பு. சோப்பு நுரையைத் தடவி முட்டை முட்டையாக வருகிறதா என்று பார்க்கும் முறை பைசா செலவில்லாதது, கண் இமை மயிரும் மிஞ்சும். ரெகுலேட்டர் உட்காருகிற இடத்தில் நுரை கிளம்பினால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். டெலிவரிக்கு வருகிறவரை நிறுத்தி, சோதிக்கச் சொல்லி வாங்குங்கள். அவருக்கும் அவசரம்தான், ஆனாலும் செய்வார்.

பற்ற வைத்தல்

கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடுங்கள். சட்டைப் பையில் இல்லை, மசாலா டப்பாவுக்குப் பின்னால் இல்லை, பரோட்டா மாஸ்டர் பீடிக்கு எடுத்துப் போயிருக்கிறார். வந்து தருவதற்குள் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் போதுமான கேஸ் சேர்ந்திருக்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு எல்.பி.ஜி. கலந்தாலே பற்றிக்கொள்ளும். அடுத்து ‘டப்’ என்று ஒரு சத்தம், கண்ணாடி நடுச்சாலையில் கிடக்கும்.

வரிசையை மாற்றினால் இந்த வேடிக்கை நடக்காது. கண்ணாடிக் கதவைத் திற, நெருப்பைப் பக்கத்தில் பிடி, பிறகு கேஸைத் திற. அமெரிக்கப் புழக்கடை கிரிலுக்கும் முதல் விதி இதுதான்: மூடியைத் திறந்த பிறகே பற்ற வை. பற்றவில்லையா, நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் திறந்தே போட்டுவிட்டு மறுபடி முயற்சி செய்ய வேண்டும். எரியும் தீ நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக எரிந்து கரி பிடித்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை. ஓட்டைகளில் மசாலாவும் கொழுப்பும் அடைத்திருக்கும், அல்லது கரப்பான் குடியேறியிருக்கும். கம்பி பிரஷ் இருபது நிமிட வேலை. நம் வழக்கமோ தீயைக் கூட்டி வைப்பது.

கொழுப்புத் தட்டு

கோழியிலிருந்து சொட்டுகிற கொழுப்பு கீழே தட்டில் சேரும். தினமும் கொட்டிக் கழுவ வேண்டும் என்று பெட்டி விற்றவர் சொல்லியிருப்பார். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை அது தானே பற்றிக்கொண்டு நினைவூட்டும். அப்போது கைக்கு முதலில் அகப்படுவது தண்ணீர் ஜக். ஊற்றியதும் தண்ணீர் கொழுப்புக்கு அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும். கேஸை நிறுத்திக் கதவை மூடினால் காற்றில்லாமல் பெரும்பாலும் அதுவே அணைந்துவிடும். அணையாவிட்டால் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். லைசென்ஸுக்காக வாங்கியது, கூல் டிரிங்ஸ் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் ஸ்கூட்டர் நிற்கிறது. அதன் முள் பச்சையில் இருக்கிறதா சிவப்பில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

கோழி வெந்ததா?

தோல் சிவந்தால் வெந்தது என்பது கடைக்காரர் கணக்கு. தொடையெலும்பை ஒட்டிய சதை 75 டிகிரி தொட்டால்தான் கிருமி சாகும். ஷிப்டு விடுகிற நேரத்து நெருக்கடியில் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், எலும்போரம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தன் லைனில் ஃபர்னஸ் வெப்பத்தை மணிக்கொரு தரம் குறித்து வைக்கிற டெக்னீசியன், கோழியை விரலால் அமுக்கிப் பார்த்து “சூப்பர்ணா” என்பார்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. முட்டையில்லா மயோனைஸ் தயாராகவே விற்கிறது. அதைத் திறந்த பேசினில் கொட்டி, கிரில் பெட்டியின் சூடான தலைமேல் விடிய விடிய வைத்திருப்பதால் என்ன ஆகும் என்று கேட்பவர் இல்லை.

பக்கத்துக் கடை

இந்த ஒரு பகுதியில் கிண்டல் வேண்டாம். 2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். கட்டடங்கள் தரைமட்டமாயின. பக்கத்து ஹோட்டலில் கசிந்த கேஸ்தான் தொடக்கம் என்று மாநில அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதை ஏற்காத குரல்களும் எழுந்தன. அதே வருடம் அக்டோபர் 7, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இன்னொரு பட்டாசுக் கடை எரிந்தது. அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அங்கே கேஸுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பெட்டியை இறக்கும் முன் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது, வலப்பக்கம் என்ன இருக்கிறது, மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க இந்த இரண்டு தேதிகள் போதும். பெயின்ட் கடை, மெத்தைக் கடை, பட்டாசுக் கடை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கடை அடைத்த பின்

ராத்திரி பன்னிரண்டு. பர்னர் குமிழைத் திருகி அணைத்துவிட்டு, சிலிண்டர் வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுவது நம் வழக்கம். காலையில் திரும்பத் திறக்கிற சிரமம் மிச்சம். திருட்டுப் போகாமல் இருக்கக் காலி, நிறை எல்லா சிலிண்டரையும் உள்ளே உருட்டுங்கள். ஷட்டரை இறக்குங்கள். அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் உள்ளேயே பாய் விரித்துப் படுப்பார்கள், வாடகை மிச்சம். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, மேலே போகாது, தரையோடு தவழும். ஜன்னல் உயரத்தில் இருக்கிற கடையில் அது சேர்கிற இடமும், பையன்களின் தலையணை இருக்கிற இடமும் ஒன்றுதான்.

வேறு மாதிரி செய்ய விரும்பினால்: முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், டியூபில் மிஞ்சியது எரிந்து தீரட்டும், பிறகு குமிழை மூடுங்கள். சிலிண்டர்களை வெளியே கம்பிக் கூண்டில் பூட்டுங்கள், பையன்களுக்கு ஓர் அறை பாருங்கள். நடுராத்திரியில் வாசனை வந்தால் லைட் சுவிட்சைத் தொடக்கூடாது, ஓடுகிற ஃபிரிட்ஜையும் நிறுத்தக்கூடாது, போடுவதிலும் அணைப்பதிலும் பொறி உண்டு. ஷட்டரை உரசாமல் மெதுவாகத் தூக்கி, எல்லோரையும் வெளியேற்றி, தள்ளி நின்று 1906க்குப் போன் செய்ய வேண்டும். தீப்பிடித்திருந்தால் 101 அல்லது 112. இதைப் பையன்களுக்கு அவர்கள் மொழியில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். கம்பெனியில் இதற்கு மாக் டிரில் என்று பெயர், வருடத்துக்கு இரண்டு தரம் சைரன் ஊதி நடத்துவார்கள்.

கம்பெனிகளில் பச்சை போர்டு வைத்து ‘அசெம்பிளி பாயிண்ட்’ என்று எழுதியிருப்பார்கள், ஓடிவந்து கூட வேண்டிய இடம். உங்கள் கடைக்கும் ஒன்று குறித்து வையுங்கள். எதிரே டீக்கடை தோதான இடம் என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிலிண்டர் சாய்ந்துதான் கிடக்கிறது. இன்னும் நாலு கடை தள்ளிப் பாருங்கள்.